நான்கு மணி நேரம்

செப்டம்பரில் என் லாரிக்கு ஊதா நிறம்.
லூப்லினுக்குத் தெற்கே
பழச்சாறு ஆலையின் பின்வாசலில்
இயந்திரம் மென்று துப்பியதைப்
பத்தொன்பது வருடமாக நான்தான் அள்ளிப்போகிறேன்.
அரோனியாச் சக்கை:
தோல், விதை, காம்பின் துணுக்கு.
சாறு புட்டியேறி பெர்லினுக்குப் போகும்.
இது என்னோடு
கல்லுடைத்த பள்ளத்துக்கு.

குப்பையில் கிடந்தாலும்
குன்றிமணி நிறம் மங்காதாம்.
சொன்னவர் எங்கள் பள்ளத்துக்கு வந்ததில்லை.
முதல் நாள் கருநீலம்,
மறுநாள் செங்கல்,
அதற்கடுத்த நாள் சாணம்.
பிறகு குளவிகள். பிறகு காடி நாற்றம்.
பிறகு ஊராட்சியின் அபராதச் சீட்டு.

இந்த வருடம் ஒருத்தி வழிமறித்தாள்.
இர்மினா. மூடிக்கிடந்த பால்பண்ணைக் கொட்டகையை
வாடகைக்கு எடுத்திருக்கிறாளாம்.
"எனக்குக் கொண்டுவாருங்கள்,
பிழிந்த நான்கு மணி நேரத்துக்குள்.
ஐந்தாகிவிட்டால்
பள்ளத்துக்கே போங்கள்."
காசு கொடுத்துக் குப்பை கேட்பவளை
அன்றுதான் பார்த்தேன்.
மனைவியிடம் சொன்னேன்.
"நோட்டு நல்ல நோட்டா?" என்றாள்.

கொட்டகைக்குள்
பீப்பாய்கள், மண்டையோட்டுப் படம், முகமூடி,
கண்ணை எரிக்கும் வாடை என்று
என்னென்னவோ நினைத்துப் போனேன்.
தண்ணீர் இருந்தது.
ஒரு கைப்பிடி சிட்ரிக் அமிலம்.
காதுக்கு எட்டாத ஒலியைத்
தண்ணீருக்குள் அனுப்பும் ஓர் எஃகுக் கம்பி.
எனக்கு எட்டவில்லை.
என் நாய்க்கு எட்டியது.
மூன்று நாள் அது லாரியை விட்டு இறங்கவில்லை.

"ஒலி என்ன செய்யும்?"
"குமிழ் செய்யும். குமிழ் உடையும்போது
தோலின் சுவரும் உடையும்.
உள்ளே இருக்கும் நிறம் வெளியே வரும்."
கோடாலி இல்லாமல் கதவு திறப்பது போல, என்றேன்.
"இல்லை, கோடாலிதான்.
ரொம்பச் சின்னக் கோடாலி."

முதல் வாரம் தோற்றாள்.
வங்கித் தவணை அவசரம்; எழுபது பாகைக்குச் சூடேற்றினாள்.
தொட்டி முழுக்கத் தேநீர்ப் பழுப்பு.
அன்று அவள் பேசவில்லை.
வடிகட்டியைக் கழுவினாள்,
கழுவியதையே கழுவினாள்.
அடுத்த வாரம் நாற்பத்தைந்து பாகை.
நடு இரவில் குழாய் திறந்தபோது வந்தது,
விளக்கைப் பிடித்தால்
ஓரத்தில் மட்டும் சிவக்கிற
ஒரு கறுப்பு.

ஒரு டன் சக்கைக்கு
என் மகளின் பள்ளிப்பை கொள்ளும் அளவு பொடி.
ஒரு சிட்டிகை வாயில் போட்டேன்.
துவர்ப்பு.
நாக்கு தன் வீட்டுக்குள் போய்த்
தாழிட்டுக்கொண்டது.

எனக்குச் சர்க்கரை. ஆறு வருடம்.
வார்சாவிலிருந்து வந்த கோட்டுக்காரர்
'இரத்தக் குழாய்களைக் காக்கும்' என்று
டப்பாவில் போடச் சொல்லிவிட்டுப் போனார்.
அவர் கார் திரும்பியதும் கேட்டேன்:
"தினம் ஒரு கரண்டி தின்றால் எனக்குக் குறையுமா?"
கிராமுக்கு எத்தனை, லிட்டருக்கு எத்தனை,
எல்லா எண்ணும் நுனிவிரலில் வைத்திருப்பவள்
கொஞ்சம் தரையைப் பார்த்தாள்.
"தெரியாது, ஸெனான்.
எலிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.
உங்களைப் பற்றித் தெரியாது.
மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள்."
டப்பாவில் அவள் எழுதியது:
அரோனியாத் தோலின் சாரம். எடை. தேதி.
கோட்டுக்காரர் திரும்ப அழைக்கவில்லை.
ஒரு தயிர்க்காரர் அழைத்தார்,
நிறத்துக்காக.

சக்கையின் சக்கை இன்னும் மிச்சம்.
வெளிறிய, வாசமில்லாத தவிடு.
அதுவும் பள்ளத்துக்குப் போவதில்லை
என்று முடிக்க ஆசைதான்.
பாதி அங்கேதான் போகிறது.
மீதியை மைத்துனன் பன்றிகளுக்குக் கேட்டான்.
பன்றிகள் யோசித்துக்கொண்டிருக்கின்றன.

இரவு, சோப்புப் போட்டுக் கை கழுவுகிறேன்.
ஊதா நீலமாகிறது.
ரேகைகளில் லேசாகப் பச்சை.
இத்தனை வருடம் இதை அழுக்கு என்றே
தேய்த்திருக்கிறேன்.
"கையைக் காட்டு" என்று மனைவி
வெள்ளரிக்காய் ஊறிய ஜாடியிலிருந்து
புளித்த நீர் இரண்டு சொட்டு விட்டாள்.

சிவந்தது.
"இன்னொரு தரம்" என்றேன்.